கேலிக் கால்பந்தும் கார் நிக்கோபாரும்

"கேலிக் கால்பந்தைப் பற்றி நம் மன்ற இதழுக்கு எழுதப் போகிறேன்" என்று விடுதியில் சொன்னேன். "யாரைக் கேலி செய்வதாக உத்தேசம்?" என்று உடனே கேட்டார் பக்கத்து அறை நண்பர். அவர்மீது குற்றமில்லை. தமிழ்க் காதுக்கு அப்பெயர் அப்படித்தான் ஒலிக்கும். ஆனால் இந்தக் 'கேலிக்'குக்கும் நம் கேலிக்கும் உறவு ஏதுமில்லை. அயர்லாந்தின் தொன்முது மக்களுக்குக் கேல் என்று பெயர். அவர்தம் மொழியும் வழக்கங்களும் கேலிக் எனப்படும். அவர்கள் தம் நாட்டு ஆட்டம் என்று போற்றிக் காத்துவரும் பந்தாட்டமே கேலிக் கால்பந்து.

அந்தமானில் பிறந்து வளர்ந்த நான் அயர்லாந்துக்காரரின் ஆட்டத்தைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். நான் பிறந்த ஊர் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கே பள்ளியில் வரலாறு படித்த பிள்ளைகளுக்கு இரண்டு அயர்லாந்துக்காரரைத் தெரியும். ஒருவர் வைசிராய் மேயோ பிரபு. டப்ளினில் பிறந்தவர், எங்கள் தீவைப் பார்வையிட வந்து, 1872 பிப்ரவரி 8 அன்று மாலை ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி அப்ரீதி என்ற கைதியின் கத்திக்கு இரையானவர். மற்றவர் செல்லுலார் சிறையின் ஜெயிலராக இருந்த டேவிட் பாரி. அவரைப் பற்றி அச்சிறையில் வாடிய தியாகிகள் எழுதி வைத்தவை போதும். நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. இருவருமே ஆளும் கையாக வந்தவர்கள். ஆனால் அதே காலத்தில் அயர்லாந்தும் ஆளப்பட்ட நாடாகவே இருந்தது. அங்கே உழவரும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஊர்தோறும் ஒரு பந்தையும் ஒரு திடலையும் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. அந்த மற்றோர் அயர்லாந்தைத் தேடிப் படித்தபோது, எனக்கு எங்கள் கார் நிக்கோபார்த் தீவின் நினைவு வந்தது. இந்தக் கட்டுரை அப்படிப் பிறந்ததே.

முதலில் வரலாறு. 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பெரும்பஞ்சம் அயர்லாந்தின் முதுகெலும்பை முறித்தது. பல இலட்சம் பேர் மடிந்தனர். பல இலட்சம் பேர் கப்பலேறினர். ஐரிஷ் மொழி வீட்டு அடுப்படிக்குள் ஒதுங்கிற்று. ஊர்ப் பந்தாட்டங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு எழுதிய விதி கிடையாது. ஓர் ஊர் முழுவதும் ஒரு பக்கம், அடுத்த ஊர் முழுவதும் மறு பக்கம் என்று வயல்வெளியில் மோதிக்கொள்வதே ஆட்டம். இதற்கிடையே ஆங்கிலேயர் தம் ஆட்டங்களுக்கு 1863-இலும் 1871-இலும் விதிகள் வகுத்து, கால்பந்தையும் ரக்பியையும் பேரரசு முழுவதும் பரப்பினர். ஓட்டப் பந்தயங்களில்கூட, கூலி வேலை செய்பவன் 'கனவான்' ஆகமாட்டான் என்று சொல்லி அவனைச் சேர்க்காத வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடுவது தகாது என்றும் சொன்னார்கள். ஏழைக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அப்படியானால் ஏழை என்றுதான் ஆடுவான்?

இக்கேள்வியை உரக்கக் கேட்டவர் மைக்கேல் கியூசாக் என்னும் பள்ளி ஆசிரியர். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்னும் ஊரில், ஹேஸ் ஓட்டலில் சிலரைக் கூட்டி அவர் தொடங்கியதே கேலிக் விளையாட்டுச் சங்கம். வந்தவர்கள் கைவிரல்களால் எண்ணக்கூடிய அளவினர். புகழ்பெற்ற தடகள வீரரான மாரிஸ் டேவின் தலைவரானார். காஷல் பேராயர் குரோக் புரவலராக இருக்க இசைந்தார். குரோக் அனுப்பிய கடிதத்தில், அயல்நாட்டு ஆட்டங்களையும் உடைகளையும் பழக்கங்களையும் நம் மக்கள் கண்மூடிப் பின்பற்றுகிறார்களே என்று வெதும்பியிருந்தார். தமிழ்நாட்டில் பின்னாளில் மொழி பற்றியும் இசை பற்றியும் எழுந்த குரல்களைக் கேட்டவர்களுக்கு அந்த வெதும்பல் புதிதாகத் தோன்றாது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து உருண்டையானது, நம் கால்பந்தைவிடச் சற்றுச் சிறியது, சற்றுக் கனமானது. திடல் நம் கால்பந்துத் திடலைவிடப் பெரிது. நீளம் 130 முதல் 145 மீட்டர் வரை இருக்கும். பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆனால் எறியக் கூடாது. முட்டியாலோ உள்ளங்கையாலோ தட்டித்தான் தோழனுக்கு அனுப்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் ஓடக் கூடாது. நான்காம் அடியில் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி எடுக்க வேண்டும். அல்லது கால்விரல்மீது விட்டு மீண்டும் கைக்கு உதைத்துக்கொள்ள வேண்டும். தரையில் தட்டுவதை அடுத்தடுத்து இருமுறை செய்யக் கூடாது. ஆகவே நன்கு பழகியவன் ஓடும்போது பந்து காலுக்கும் கைக்கும் இடையே நூல் கட்டியதுபோல் போய்வரும். பார்க்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். விடுதி முற்றத்தில் நானும் இரு நண்பர்களும் முயன்றோம். மூன்றாம் அடியில் பந்து சமையற்கூடத்துக்குள் போய்விட்டது.

கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்தைப்போல் நிற்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல். அதற்கு மூன்று புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. 2025-இல் புகுத்திய புது விதிப்படி, கோலுக்கு நாற்பது மீட்டர்த் தொலைவில் வரைந்த வளைவுக்கு வெளியே நின்று உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளிகள். கணக்கெழுதும் முறைதான் நம்மைத் திகைக்க வைக்கும். 2024-ஆம் ஆண்டின் அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் ஆர்மா குழு 1-11 என்றும், கால்வே குழு 0-13 என்றும் எடுத்தன. முதல் எண் கோல். இரண்டாம் எண் புள்ளி. ஒரு கோலுக்கு மூன்றைக் கூட்டினால் ஆர்மாவுக்குப் பதினான்கு, கால்வேக்குப் பதின்மூன்று. ஒரே புள்ளியில் வெற்றி. ஆர்மா என்ற இப்பெயரை நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வரும்.

ஆட்டத்தைவிட வியப்பானது அதன் அமைப்பு. கேலிக் சங்கத்தின் அடிப்படை, ஊர்க் கழகம். அயர்லாந்தில் ஒரு மாதாகோயிலைச் சார்ந்த மக்கள் வாழும் பகுதிக்குப் பங்கு என்று பெயர். நம் நாட்டுக் கத்தோலிக்கரும் அச்சொல்லையே வழங்குகின்றனர். பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஒரு கழகம். நீ எந்தப் பங்கில் பிறந்தாயோ அந்தக் கழகத்துக்கே ஆடுவாய். நன்றாக ஆடினால் உன் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு ஆட அழைப்பு வரும். ஆனால் பணம் வராது. டப்ளினில் குரோக் பார்க் என்னும் பெருந்திடலில் எண்பதினாயிரம் பேர் கண்முன் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கட்கிழமை காலையில் பள்ளியில் பாடம் நடத்துவார், தச்சுப் பட்டறைக்குப் போவார், மாட்டைக் கறப்பார். ஒருவரையும் விலைக்கு வாங்க முடியாது, விற்கவும் முடியாது. ஐ.பி.எல். ஏலத்தைக் கண்டு பழகிய நம் தலைமுறைக்கு இது கதைபோல் இருக்கும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் இக்காலத்திலும் அதுவே நடைமுறை.

பணமில்லாத ஆட்டத்தில் ஊர்க் கழகத்துக்குச் சொத்து என்று என்ன இருக்கும்? பெயரும் திடலும் மட்டுமே. திடலைச் சமன்செய்தது தாத்தா. வேலி நட்டது அப்பா. கோடு போடுவது மகன். ஆகவே அந்தத் திடலில் யாரேனும் கைவைத்தால் ஊரின் மார்பில் கைவைத்ததாகவே கொள்வார்கள். அதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1920 நவம்பர் 21. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அன்று காலையில் டப்ளினில் ஆங்கிலேய உளவு அதிகாரிகள் பலரை விடுதலைப் படையினர் சுட்டுக் கொன்றனர். பிற்பகலில் குரோக் பார்க்கில் டப்ளினுக்கும் திப்பரரிக்கும் கேலிக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. அரசப் படையினர் திடலுக்குள் புகுந்து கூட்டத்தின்மீது சுட்டனர். பதினான்கு பேர் மாண்டனர். திப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் ஆடிக்கொண்டிருந்த புல்தரையிலேயே வீழ்ந்தார். மாண்டவர்களுள் சிறுவர் மூவர். ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்று அத்திடலில் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு ஹோகன் பெயர் நிலைத்திருக்கிறது.

இரண்டாவது நிகழ்ச்சியைச் சொல்லுமுன், நடுவே ஒரு கசப்பையும் விழுங்கியாக வேண்டும். கேலிக் சங்கம் தன் ஆட்டத்தைக் காக்கத் தடைகளை விதித்தது. சங்க உறுப்பினர் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய 'அயல் ஆட்டங்களை' ஆடக் கூடாது. ஆடுவதென்ன, பார்க்கவே கூடாது. 1938-இல் அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு பன்னாட்டுக் கால்பந்து ஆட்டத்துக்குப் போய் வந்தார். நாட்டின் தலைவர் என்ற முறையில் அது அவர் கடமை. அவரோ ஐரிஷ் மொழியைப் புதைகுழியிலிருந்து மீட்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர். ஆயினும் சங்கம் அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது! தாய்மொழியைக் காத்தவரையே தாய்நாட்டு ஆட்டத்தின் பெயரால் வெளியேற்றிய கொடுமையை என்னென்பது? அத்தடை 1971-இல்தான் நீங்கிற்று. வட அயர்லாந்துப் போலீசாரும் ஆங்கிலேயப் படையினரும் உறுப்பினராகக் கூடாது என்ற மற்றொரு தடை 2001 வரை இருந்தது. 2007-இல் குரோக் பார்க்கில் ரக்பி ஆட அனுமதித்து, அங்கேயே இங்கிலாந்துக் குழுவை வரவேற்றார்கள். ஆங்கிலேயரின் நாட்டுப்பண் ஒலித்தபோது கூட்டம் அமைதி காத்தது. முதல் தடையை நான் எவ்விதத்திலும் ஒப்ப மாட்டேன். இரண்டாவது தடை அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதன்று. ஏன் என்பதற்குக் குரோஸ்மக்ளன் என்னும் ஊர்க் கழகத்தின் கதையே விடை.

குரோஸ்மக்ளன், வட அயர்லாந்தில் ஆர்மா கவுண்டியின் தென்கோடியில், எல்லையை ஒட்டிய சிற்றூர். 2011-இல் மக்கள் தொகை சுமார் 1,600. நம் ஊர்ப்பக்கம் ஒரு நடுத்தரக் கிராமம் என்று கொள்ளலாம். கேலிக் சங்கம் தோன்றிய மூன்றாண்டில், 1887-இல், அங்கே 'ரேஞ்சர்ஸ்' கழகம் எழுந்தது. கறுப்பும் மஞ்சளும் அதன் நிறங்கள். ஆலிவர் பிளங்கெட் என்னும் புனிதரின் பெயரால் வழங்கும் திடல் அதற்கு உண்டு. எத்தனையோ ஊர்க் கழகங்களைப்போல் ஞாயிறுதோறும் ஆடி, வென்று, தோற்று, மழையில் நனைந்து அது வளர்ந்தது.

1970-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்து பற்றியெரிந்தது. ஆங்கிலேயப் படை ஊருக்குள் வந்தது. போலீஸ் நிலையத்தை ஒட்டி அமைந்த படைமுகாம் கழகத்தின் திடலுக்கு மதிற்சுவர் அண்டை வீடாயிற்று. திடலின் ஒரு பகுதியைப் படை எடுத்துக்கொண்டது. தரைவழி ஆபத்தானது என்பதால் வீரர்களும் பொருள்களும் ஹெலிகாப்டரில் வந்திறங்கினர். பிள்ளைகள் பந்து பழகும் வேளையில் தலைக்கு மேல் இரைச்சல். கோல் கம்பத்துக்குப் பின்னால் காவற்கோபுரம். மறுபக்கமும் சொல்ல வேண்டும். அந்த வட்டாரம் ஐ.ஆர்.ஏ. என்னும் ஆயுதக் குழுவின் கோட்டை. அங்கே உயிரிழந்த இளம் வீரர்கள் பலர். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகளே. ஆயினும் கழகத்தார் தம் திடல் தமக்கு வேண்டும் என்பதை விடவேயில்லை. ஆண்டுக்கணக்காகப் போராடினர், போராடிக்கொண்டே ஆடினர்.

ஆடியதன் பயன்தான் வரலாற்றில் நிற்கிறது. 1997-இல் அந்தச் சிற்றூர், அயர்லாந்து முழுவதுக்குமான கழகங்களின் வாகையைச் சூடியது. 1999-இல் மீண்டும், 2000-இல் மீண்டும். பிறகு 2007, 2011, 2012. ஆக ஆறு முறை. 1996 முதல் 2008 வரை பதின்மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் ஆர்மா கவுண்டியின் வாகையும் அதனிடமே இருந்தது. முதல் மூன்று வாகைகளுக்கும் பயிற்றுவித்த ஜோ கெர்னன் அவ்வூர்க்காரர். அவரே பின்னர் ஆர்மா கவுண்டிக் குழுவையும் ஏற்று, 2002-இல் அதற்கு முதல் அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அந்த இறுதியாட்டத்தில் குரோஸ்மக்ளனைச் சேர்ந்த ஓஷீன் மக்கான்வில் முற்பாதியில் பெனால்டி ஒன்றைக் கோட்டைவிட்டார். பிற்பாதியில் அவர் போட்ட கோலே ஆட்டத்தைத் திருப்பிற்று. 2007-இல் வட அயர்லாந்தில் படையின் நடவடிக்கை முடிவுக்கு வந்தது. குரோஸ்மக்ளன் முகாமும் மூடப்பட்டது. கழகம் அதே ஆண்டில் வாகை சூடியது என்பதை மேலே கண்டோம். காவற்கோபுர நிழல் விழுந்த புல்லிலே பழகிய பிள்ளைகள் அவர்கள். படையினருக்குக் கழகக் கதவை மூடிய தடையை நெடுநாள் விடாமல் வைத்திருந்தவர்கள் யாவர், ஏன் என்பது இப்போது விளங்கும். விளங்குகிறது என்பதால் எல்லாம் சரியென்று ஆகிவிடாது.

நம் நாட்டுக்கு வருவோம். அயர்லாந்துக்காரர் அயலான் ஆட்டத்தைத் தள்ளினர். நாம் அதை ஆடியே அவனை வென்றோம். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் கழகம், ஈஸ்ட் யார்க்ஷயர் படைக்குழுவை 2-1 என்று வீழ்த்திக் கேடயத்தைப் பெற்றது. பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். அன்று அந்நகரில் எழுந்த ஆரவாரம் வெறும் விளையாட்டு ஆரவாரமன்று. ஆட்டத் திடல் அரசியல் திடலாவது எங்கள் தீவிலும் நடந்ததுண்டு. போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் விளையாட 'ஜிம்கானா' மைதானம் இருந்தது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கேதான் கொடியேற்றினார். அது இன்று நேதாஜி ஸ்டேடியம். பள்ளி விளையாட்டு விழாக்களில் நான் ஓடி, கடைசிக்கு முந்தியவனாக வந்த இடம் அதுவே!

ஆனால் ஊர்க் கழகம் என்ற பொருளில் அயர்லாந்துக்கு மிக நெருங்கியதாக எனக்குத் தோன்றுவது போர்ட் பிளேர் அன்று. அதற்குத் தெற்கே கடல் கடந்து கிடக்கும் கார் நிக்கோபார். தட்டையான பவளத் தீவு. பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 17,841 பேர். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளால் வெளியார் அங்கே அனுமதிச் சீட்டின்றிப் போக முடியாது. நானும் போனதில்லை. என்னுடன் படித்த நிக்கோபாரி நண்பர்கள் சொல்லக் கேட்டதும், நூல்களில் படித்ததுமே என் கைப்பொருள். அந்நண்பர்களுடன் கால்பந்து ஆடியிருக்கிறேன். பந்து அவர்கள் காலுக்குப் போய்விட்டால் நமக்குத் திரும்பி வருவது அரிது.

கார் நிக்கோபாரில் நிலம் தனி மனிதனுடையதன்று. 'துஹேத்' என்னும் கூட்டுக் குடும்பத்துக்குரியது. மூஸ், மலாக்கா, பெர்கா, கின்யூகா, அரோங், சவாய் என ஊர்கள் கடலோரமாக இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் கரையில் 'எல்பனம்' என்னும் பொதுவிடம் உண்டு. கூட்டம் கூடும் வீடு, பிள்ளைப்பேற்று வீடு, இறப்பு வீடு எல்லாம் அங்கேதான். ஊரின் பிறப்பும் இறப்பும் கூத்தும் விருந்தும் அந்த ஒரே மணல்வெளியில் நடந்தன. 'ஹோடி' என்னும் படகு, ஒற்றை மரத்தைக் குடைந்து பக்கவாட்டில் மிதப்புக் கட்டை பூட்டியது. பல பேர் வரிசையாக அமர்ந்து துடுப்புப் போட, ஊருக்கு ஊர் படகுப் பந்தயம் நடக்கும். தோற்றவருக்கும் வென்றவருக்கும் பன்றி விருந்து உண்டு. 'கிரிப்' என்னும் மற்போர் வேறு. இருவரும் ஒருவரையொருவர் முதுகுப்புறமாகக் கை பிணைத்துப் பற்றுவர். பிடி விடாமல் எதிரியை மண்ணில் சாய்க்க வேண்டும். இவை எல்லாம் காசுக்காக அன்று, ஊர்ப்பெயருக்காக.

இத்தகைய தீவில் கால்பந்து எப்படிப் புகுந்தது? இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூஸ் ஊரில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர், கிறித்தவ உபதேசியார், அரசின் முகவராகவும் இருந்து நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய மாணவன் ஹா செவ் கா என்னும் நிக்கோபாரிச் சிறுவன். அவனை மேற்படிப்புக்குப் பர்மாவின் மாந்தளைக்கு அனுப்பினார்கள். அவனே ஜான் ரிச்சர்ட்சனாகத் திரும்பி வந்து, ஆசிரியராகி, தன் மொழிக்கு எழுத்து நூல்கள் தந்து, 1950-இல் ஆயராகி, 1952-இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆனார். கால்பந்தைத் தீவில் வேரூன்றச் செய்தவர் என்று சொல்லப்படுபவரும் அவரே. மாந்தளைப் பள்ளித் திடலில் கற்றதை மூஸ் மணலுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குரோக் பேராயர் தம் மக்களின் ஆட்டம் அழிந்துவிடுமே என்று அஞ்சி அயல் ஆட்டத்துக்குக் கதவடைத்த பக்கம் நின்றார். ரிச்சர்ட்சன் ஆயரோ அயல் ஆட்டத்தைத் தம் கையாலேயே உள்ளே அழைத்துவந்தார். இருவரும் மதகுருமார், இருவரும் தம் மக்கள்மீது பெரும்பற்றுக் கொண்டவர்கள். ஆயினும் நிக்கோபாரில் படகுப் பந்தயம் அழியவில்லை. கால்பந்து அங்கே போனதும் ஹோடியின் குணத்தை ஏற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் குழு. ஊருக்கு ஊர் பகையும் விருந்தும். பங்குக்கு ஒரு கழகம் என்ற அயர்லாந்து ஏற்பாட்டை யாரும் சொல்லித் தராமலே அவர்கள் அடைந்துவிட்டனர். ஆட்டம் எந்த நாட்டில் பிறந்தது என்ற கேள்வியை என் நிக்கோபாரி நண்பர்களிடம் கேட்டபோது, அவர்கள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூஸ் ஆடுகிறதா, பெர்கா ஆடுகிறதா என்பதே அவர்கள் கேள்வி.

படையின் நிழலும் அத்தீவின்மீது விழுந்திருக்கிறது. 1942-இல் ஜப்பானியர் வந்தனர். மக்களை வருத்தி வேலை வாங்கி விமான ஓடுதளம் அமைத்தனர். போர் முடியும் தறுவாயில் ஒற்றர் என்று பழிசுமத்திப் பல நிக்கோபாரிகளைக் கொன்றனர். ரிச்சர்ட்சனுக்கும் சாவு விதிக்கப்பட்டிருந்தது. ஜப்பான் சரணடைந்ததால் உயிர் பிழைத்தார். அவர் 1978-இல் காலமானார்.

ஆனால் திடலை முற்றாக எடுத்துக்கொண்டது எந்தப் படையும் அன்று, கடல். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அடித்துச் சென்றது. எல்பனங்கள் போயின, ஹோடிகள் போயின, தென்னந்தோப்புகள் போயின, எத்தனையோ உயிர்கள் போயின. எஞ்சியவர்கள் உள்நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். குரோஸ்மக்ளன்காரர்களுக்குத் தம் திடல் எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும். மதிற்சுவருக்கு அப்பால் கண்ணால் பார்க்க முடிந்தது. கார் நிக்கோபார்க்காரர்களுக்கு அது அலைக்கு அடியில். கரையை விட்ட ஊர்கள் உள்நிலத்தில் அமைந்தபோதும் பழைய பெயர்களையே தாங்கின. இடம் மாறினாலும் மூஸ் மூஸ்தான், பெர்கா பெர்காதான்.

அப்பேரலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர்பிழைத்த சிறுமி ஒருத்தி உண்டு. டெபோரா ஹெரால்ட் என்று பெயர். அவர் பின்னர் மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஓட்டினார். அவரைத் தொடர்ந்து அத்தீவுகளின் இளைஞர்கள் பலர் அதே பந்தயத்தில் புகுந்தனர். எசோ ஆல்பன் 2018-இல் உலக இளையோர் போட்டியில் வெள்ளி வென்றார். கால்பந்துப் பித்துப் பிடித்த கார் நிக்கோபார்க் குடும்பம் ஒன்று, தம் பிள்ளைக்கு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெயரையே சூட்டி டேவிட் பெக்காம் என்று அழைத்தது. அந்தப் பிள்ளை 2020 ஜனவரியில் குவாஹாத்தியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்றார். பந்தை உதைத்து அன்று; மிதிவண்டியை மிதித்து.